நீர்நாய் தனக்குப் போட்ட சம்பளம்

மருத மரங்கள் குடைபிடிக்கும் ஒரு காட்டாற்றில் சுழியன் என்ற நீர்நாய் வாழ்ந்து வந்தான். மனைவி பெயர் அல்லி. குட்டிகள் மூன்று. மீன் பிடிப்பதில் சுழியனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் பிடித்த மீன் எதுவும் அவனுடையதல்ல. பெரிய மடுவில் குடியிருந்த முதலையாரிடம் அவனுக்கு வேலை. பிடித்ததையெல்லாம் அவர் வாசல் பாறையில் கொட்டிவிட வேண்டும். மாலையில் முதலையார் ஐந்து மீன் தருவார். வீட்டில் தலைக்கு ஒன்று.

ஒரு நாள் முப்பது மீன் அகப்படும். ஒரு நாள் ஒன்றுமே அகப்படாது. எப்படியானாலும் அந்த ஐந்து மட்டும் தவறியதில்லை. முதலையாருக்கு எவ்வளவு தாராள மனசு என்று சுழியன் நினைத்துக்கொள்வான்.

கனவு காண்பதென்றால் சுழியனுக்கு உயிர். வேலை இல்லாத நேரத்தில் மல்லாந்து மிதப்பான். இலைகளுக்கு நடுவே வெயில் பொடிப்பொடியாக உதிரும். ஆறு அவனைத் தொட்டிலில் போட்டதுபோல் ஆட்டும். அப்போது முப்பது மீனும் அவன் வீட்டு வாசலில் துள்ளும். ஒன்றும் அகப்படாத நாள் மட்டும் கனவில் வரவே வராது. கனவுக்கு எப்போதும் ஓரவஞ்சனைதான்!

புதுவெள்ளம் வந்ததும் அவன் துணிந்துவிட்டான்.

"ஐயா, இனிமே நான் சொந்தமா பிடிச்சுப் பொழைச்சுக்கிறேன்."

முதலையார் கோபப்படவில்லை. போய் வா, பசித்தால் வழி தெரியும்தானே என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் வாரம் திருவிழாதான். தினமும் முப்பது, நாற்பது மீன். குட்டிகள் விராலின் வயிற்றுப்பகுதியை மட்டும் கடித்துவிட்டு மீதியை எறிந்தன. ஆமைக் குடும்பத்துக்கு விருந்து, காக்கைகளுக்கு விருந்து. நாளைக்கு என்று நான்கு மீனாவது வைக்கலாமே என்றாள் அல்லி. ஆறு எங்கே ஓடிவிடப் போகிறது என்று சிரித்தான் சுழியன். ஆறு ஓடவில்லை. மீன்தான் ஓடியது.

வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்தது. நான்கு நாள் அலைந்து ஒரே ஒரு அயிரையோடு வந்தான். விரல் நீளம்கூட இல்லாத மீனை ஐந்து பேர் எப்படித் தின்பது? பிறகு மேற்கே மழை பெய்து மறுபடி மீன் வந்தது. பட்டினி கிடந்த நாளுக்கெல்லாம் சேர்த்துத் தின்றார்கள். மறுபடி தண்ணீர் தெளிந்தது. கடைக்குட்டி விளையாடுவதை நிறுத்திவிட்டது. தூக்கத்தில் மட்டும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து முதலையாரின் தூதராகக் கொக்கு வந்து நின்றது.

"ஐயா கூப்பிடுறாரு. அதே வேலை, அதே அஞ்சு மீன். ஆனா இந்தத் தடவை மூணு குட்டியும் வேலைக்கு வரணும். ஆயுசு முழுக்க."

அல்லி குட்டிகளை வாலால் அணைத்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. பெத்த புள்ளைங்களை நீங்களே கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

சுழியன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மடுவுக்குப் போனான். உச்சி வெயில். முதலையார் மணலில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் பயந்து, நிழல் தேடி வாசல் பாறைக்குப் பின்னால் போனான். இத்தனை வருஷத்தில் அவன் அங்கே கால் வைத்ததே இல்லை.

அங்கே ஊற்றுநீர் நிறைந்த ஒரு குழி இருந்தது. வாயைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. பச்சைத் தண்ணீருக்குள் மீன்கள் உயிரோடு, தூக்கத்தில் நடப்பவைபோல் மெல்ல மெல்ல வட்டமிட்டன. பசி மயக்கத்தில் கனவு காண்கிறோமோ என்று கண்ணைக் கசக்கினான். இல்லை. துடுப்பு கிழிந்த அந்த விராலை அவனுக்குத் தெரியும். வேலையை விடுவதற்கு முந்தின நாள் அவனே பிடித்துக் கொடுத்தது!

சுழியன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலையாரும் இதே ஆற்றை நம்பித்தான் இருந்தார். முப்பது வந்த நாளில் ஐந்தைக் கொடுத்துவிட்டு மீதியைக் குழியில் விட்டார். ஒன்றும் வராத நாளில் குழியிலிருந்து ஐந்தை எடுத்துக் கொடுத்தார். தாராள மனசு என்று நினைத்த அத்தனையும் சுழியனுடைய மீன்தான். வேலையை விட்டு வந்தவன் குழியை மட்டும் மறந்துவிட்டு வந்திருக்கிறான்.

முதலையார் விழிப்பதற்குள் திரும்பி நடந்தான்.

பசியோடு பசியாக அவனும் அல்லியும் வீட்டருகே ஊற்றுக்கண் பார்த்துக் குழி பறித்தார்கள். கல் அடுக்கினார்கள். மூன்றாம் நாள் ஆறு கலங்கி வந்தது. நாற்பது மீன்! பல் படாமல் கவ்விக்கொண்டு வந்து முப்பத்தைந்தைக் குழியில் விட்டான். தலைக்கு ஒன்று கொடுத்தான்.

"அப்பா, குழி நிறைய மீன் இருக்கே, இன்னொண்ணு குடுங்க" என்றது கடைக்குட்டி.

மீன் இல்லாத நாளில் இல்லை என்று சொல்வது சுலபம். குழி நிறைய வைத்துக்கொண்டு சொல்லும்போது அவனுக்கே நாக்கில் நீர் ஊறியது. விருந்து எங்கே என்று ஆமைகள் முணுமுணுத்தன. கருமி என்று காக்கைகள் ஊரெல்லாம் கத்தின. சுழியன் கேட்டும் கேளாதவன்போல் இருந்துவிட்டான். மழைநாளிலும் ஐந்து, தெளிந்த நாளிலும் ஐந்து.

கோடை வந்தது. ஆறு மெலிந்து மணலுக்குள் ஒளிந்தது. பன்னிரண்டு நாளாகக் காட்டில் யாருக்கும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. பொறுத்துப் பார்த்த முதலையார், குட்டிகளை அழைத்துப்போகத் தாமே ஊர்ந்து வந்தார். வந்தவர் திகைத்து நின்றார். குட்டிகள் மூன்றும் வயிறு பளபளக்க நிழலில் மல்லாந்து கனவு கண்டுகொண்டிருந்தன. அல்லி தின்று முடித்த ஐந்து மீனின் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

முதலையாரின் முகம் சுருங்கியது. "சுழியா, உண்மையைச் சொல்லு. இந்த வறட்சியிலயும் தெனம் அஞ்சு மீன் குடுக்கிற அந்த முதலாளி யாரு?"

"நான்தான் ஐயா" என்றான் சுழியன்.

நாளுக்கு நாள் வரவு மாறும் தொழிலை நம்பியவர்கள், பெருத்த நாளின் வரவை அன்றே தின்றுவிடாமல் தங்களுக்குத் தாங்களே அளவாகச் சம்பளம் போட்டுக்கொண்டால், வற்றிய நாளிலும் யார் முன்னாலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.