இறுக்காத முடிச்சு

கோத்தகிரிப் பக்கம் ஒரு மலை ஆசிரமம். அங்கே சாமிக்கு நாற்பது வயதுதான். சீடர் பொன்னம்பலத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவைத் தேடிப் போகிறவன் வயசையா விசாரித்துக்கொண்டு போவான்?

பொன்னம்பலத்திடம் அவருடைய அப்பா பின்னிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. டீ ஃபாக்டரியில் காவல் வேலை பார்த்த மனுஷன், வாசலில் உட்கார்ந்தபடியே ஊசியும் கையுமாகப் பின்னியது. பாழாய்ப்போன எலி அதில் ஒரு கையையே கொறித்துத் தின்றிருந்தது.

பொன்னம்பலம் அதை மடியில் போட்டுக்கொண்டு விசும்பினார்.

"அப்பா இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை நன்றி சொன்னதில்ல, சாமி. அவர் ஞாபகமா மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இனிமே எப்படிச் சொல்வேன்?"

"குடுங்க பார்ப்போம்."

சாமி வாங்கி, உள்பக்கம் திருப்பி, கழுத்துப் பட்டையைத் தடவினார். நூலின் கடைசி நுனி லேசான ஒரு சுருக்கில் நின்றது.

"இதை ஏன் இறுக்கி முடியல?"

"அப்பா எதைப் பின்னினாலும் கடைசியில இப்படித்தான் விடுவார். அத்தையும் அப்படித்தானாம். எங்க வம்சத்துக்கே அவசரம்."

"எந்த அத்தை?"

"அப்பாவோட அக்கா. அவங்கதான் அப்பாவுக்குப் பின்னக் கத்துக்குடுத்தாங்க. இந்தக் கம்பளியே அவங்க பின்னின சால்வைதான் சாமி. அவங்க போனப்புறம் அப்பா அதைப் பிரிச்சு..."

சொல்லி முடிப்பதற்குள் சாமி நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார். சர்ரென்று ஒரு வரிசை உருவிக்கொண்டு வந்தது.

"ஐயையோ! என்ன சாமி பண்றீங்க?"

பிடுங்கத்தான் பொன்னம்பலம் இரண்டு கையையும் நீட்டினார். சாமி அந்தக் கைகளிலேயே நூலைச் சுற்றத் தொடங்கினார். சின்ன வயதில் அப்பாவுக்கு நூல் பிடித்துக் கொடுத்த கைகள் அல்லவா, தாமாகவே அகன்று நின்றுவிட்டன. பொன்னம்பலத்துக்கு அவற்றை இறக்க மனசு வரவில்லை.

நூலை அலசி உலர்த்தியதும் சாமி ஊசிகளைக் கொடுத்தார். "உங்க மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகுதில்ல?"

"எனக்கு எங்கே சாமி பின்னத் தெரியும்?"

ஆனால் ஊசி கைக்கு வந்ததும் அப்பாவின் முணுமுணுப்பு அவர் வாயில் வந்துவிட்டது. "உள்ளே போ, சுத்திக்கோ, இழுத்துக்கோ, இறக்கி விடு." முதலில் கோணல் மாணலாகத்தான் வந்தது. தன்னையே திட்டிக்கொண்டு பிரித்தார், மறுபடி பின்னினார். போகப்போக, சாப்பிடக் கூப்பிட்டாலும் "இந்த வரிசை முடியட்டும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். இத்தனை சந்தோஷத்தையா அப்பா கைக்குள்ளேயே வைத்திருந்தார் என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மார்கழி பிறப்பதற்குள் குட்டி ஸ்வெட்டர் தயாராகிவிட்டது. அதைக் கொண்டுவந்து சாமியின் மடியில் வைத்தார்.

"இப்பவாவது அப்பாவுக்கு நன்றி சொல்லிட்டேனா, சாமி?"

சாமி அதன் அழகைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பினார். கழுத்துப் பட்டையைத் தடவி, நுனியைக் கண்டுபிடித்து, லேசாகச் சுண்டினார். சுருக்கு நழுவிக் கொடுத்தது; நாளைக்கு யார் இழுத்தாலும் முழுசாகப் பிரிந்து வரும். அதைப் பழையபடியே போட்டுவிட்டுச் சிரித்தார்.

"சொல்லிட்டீங்க."