வத்சலாவின் இடது கை

குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் சபாபதி. தியானம் கற்றுத்தரும் அரசியம்மாவின் சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். பக்கவாதத்தில் மனைவி வத்சலாவின் வலது கையும் காலும் செயலிழந்து பேச்சும் குழறிப்போனதிலிருந்து அவர் தியானத்துக்கு வருவதில்லை.

ஒருநாள் பிற்பகல் அரசியம்மாவே அவர் வீட்டுக்கு வந்தார்.

சபாபதி சமையலறையில் ஸ்கோன் என்னும் சின்ன வட்ட ரொட்டிக்கு மாவு கலந்துகொண்டிருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன.

"டீயோட சாப்பிட அவளுக்கு ஸ்கோன் ரொம்பப் பிடிக்கும்மா. இப்போ இதையும் சரியா சாப்பிடறதில்ல."

"செய்யுங்க," என்றார் அரசியம்மா.

சபாபதி வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்தார். பால் விட்டுச் சேர்த்தார். தட்டையாகத் தட்டி, டம்ளர் விளிம்பால் வட்டங்களாக வெட்டினார். ஓவனில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

"ராத்திரி தூங்கறீங்களா?" என்று கேட்டார் அரசியம்மா.

"படுக்கறேம்மா. அவ அசைஞ்சா எழுந்திடறேன்."

சபாபதி குனிந்து ஓவனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, எனக்கு எப்போ ஓய்வு?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவருக்கு உறைத்தது. வத்சலா எப்போது போவாள் என்றல்லவா கேட்டுவிட்டார்! மாவு ஒட்டிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஸ்கோன்கள் உப்பிச் சிவக்கும்வரை அரசியம்மா அவர் பக்கத்திலேயே நின்றார்.

வத்சலா சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். சபாபதி ஒரு ஸ்கோனைப் பிட்டு, ஜாம் தடவி, அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இப்படித்தாம்மா. தினமும் கெஞ்சணும்."

அரசியம்மா ஜாம் தடவிய முழு ஸ்கோன் ஒன்றை எடுத்து வத்சலாவின் இடது கையில் வைத்தார்.

"அவ கை நடுங்கும்மா. சிந்திடுவா."

"சிந்தட்டும்."

"புடவையெல்லாம் ஜாம் ஆயிடும்."

"ஆகட்டும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். ஸ்கோன் வாய்க்குப் போகாமல் வத்சலாவின் கன்னத்தில் இடித்தது. சபாபதி எழப் போனார். குரு அவர் தோளில் கை வைத்தார்.

துகள்கள் மடியில் உதிர்ந்தன. ஜாம் மோவாயில் வழிந்தது. வத்சலா மென்றாள். விழுங்கினாள். மறுபடியும் கையைத் தூக்கினாள்.

சபாபதி நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். கண்கள் தாமாகச் செருகின.

"சோ... டா," என்றாள் வத்சலா.

திடுக்கிட்டு விழித்தார். "என்ன? குடிக்க சோடா வேணுமா?"

இல்லையென்று தலையாட்டினாள். அவளுக்குக் கோபம் வந்தது. "சோடா... கூட."

"மாவுல ஆப்பசோடா கூடிப்போச்சா?"

"ம்."

சபாபதி சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. வத்சலா அவரையே பார்த்தாள். பிறகு கடித்தது போக மீதி ஸ்கோனை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் கவனிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே குருவிடம் திரும்பினார்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையேம்மா."

"அவங்க கை ரொம்ப நேரம் தாங்காது," என்றார் அரசியம்மா. "வாங்கிக்குங்க."