கொண்டுவந்தவர்

பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தது. ஆவுடையப்பன் செய்தித்தாளை மடித்துப் பலகையின் அடியில் செருகினார்.

"இனிமே நான் வாசிக்கல அம்மா. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் அம்மா என்று அழைத்த செண்பகவல்லிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆவுடையப்பன் அவரைவிட ஒன்பது வயது மூத்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மூன்று வருடமாக, ஊரில் இருக்கும் நாளெல்லாம் மடத்துக்கு வந்துகொண்டிருந்தார். மடம் என்பது கொஞ்சம் பெரிய பெயர். ஆற்றுக்குப் போகும் சாலையில் இரண்டு அறை, ஒரு கிணறு, அவ்வளவுதான். இங்கு வந்து உட்காருவதற்கு முன் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் அரசு மருத்துவமனையில், விபத்துப் பிரிவில், செவிலியராக இருந்தார்.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அதனால் பேப்பர் வாசிக்கும் வேலை ஆவுடையப்பனுடையது. பொங்கலுக்கு வந்த சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்கும் வேலையும் அவருடையதுதான்.

"ஏன், என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

"இதுல மனுசனே இல்லை. பத்து நாளா வாசிக்கேன். வெட்டுறவன் இருக்கான், ஏமாத்துறவன் இருக்கான், மைக்கைப் பிடிச்சுத் திட்டுறவன் இருக்கான். நல்லவன்னு ஒருத்தன் தட்டுப்படல."

"கடைசியா எதை வாசிச்சீங்க?"

"நாலுவழிச் சாலையில வேன் கவுந்தது. பதினோரு பேருக்குக் காயம். ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"கொண்டுவந்தது யாரு?"

ஆவுடையப்பனுக்குக் கேள்வி விளங்கவில்லை.

"பதினோரு பேரும் நடந்தா வந்தாங்க அண்ணாச்சி? யாரோ தூக்கிட்டு வந்திருக்கணும்லா?"

அவர் தாளை மறுபடி உருவிப் பார்த்தார். "போடல."

"சரி. அடுத்தது."

"பஸ் ஸ்டாண்டுல கொடி கட்டுறதுல ரெண்டு கோஷ்டிக்கும் தகராறு. ஒருத்தனுக்கு மண்டையில காயம். அவனும் ஆஸ்பத்திரியில."

"கொண்டுவந்தது?"

"போடல அம்மா. அதெல்லாம் பேப்பர்ல போடமாட்டாங்க."

"ஆஸ்பத்திரியில நாங்க போடுவோம்."

ஆவுடையப்பன் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். தேய்க்கத் தொடங்கவில்லை.

"விபத்துன்னு யாரு வந்தாலும் ஒரு பதிவேட்டுல எழுதணும்," என்றார் அம்மா. "பேரு, வயசு, காயம், நேரம். அப்புறம் ஒரு கட்டம் இருக்கும். கொண்டுவந்தவர். அதுல பேரும் எழுதணும், அடிபட்டவருக்கு அவர் என்ன வேணும்னும் எழுதணும். ஒரு தடவை ஒருத்தர் இன்னொருத்தரை மொபெட்ல வச்சுக் கொண்டுவந்தாரு. கொண்டுவந்தவரு மேல சட்டை இல்லை. அதைக் கிழிச்சு அடிபட்டவரு தலையைச் சுத்திக் கட்டியிருந்தாரு. உறவான்னு கேட்டேன். இல்லைன்னாரு. சிநேகிதமான்னு கேட்டேன். அதுவும் இல்லைன்னாரு. 'பின்ன நான் என்னத்தை எழுத?'ன்னேன். 'பக்கத்து வயக்காரன்னு எழுதுங்க. பதினாலு வருசமா ரெண்டு பேருக்கும் வரப்புச் சண்டை'ன்னாரு."

"அவருதான் அடிச்சாரா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நான் அடிக்கல, தென்னை மட்டை விழுந்துச்சு'ன்னாரு. யாரு மரம்னு கேட்டேன். 'அதுதான் கோர்ட்டுல இருக்கு'ன்னாரு."

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார். "அதோட ராசி ஆயிட்டாங்களா?"

"தெரியாது. கேஸ் நடந்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

"அப்ப என்ன பிரயோசனம்?"

"ஏழு தையல். ஆளு பிழைச்சுக்கிட்டாரு."

ஆவுடையப்பன் சாக்கைக் கல்லில் வைத்துத் தேய்த்தார். பக்கத்து வீட்டில் யாரோ ஏணி போட்டு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தங்கச்சிக்குப் படி கொண்டு போகலையா?" என்றார் அம்மா.

பொங்கல்படி என்பது அந்தப் பக்கத்தில் அண்ணன் தங்கைக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் சீர். பச்சரிசி, வெல்லம், மஞ்சள்குலை, பனங்கிழங்கு, சேலை, ஒரு கட்டுக் கரும்பு. தங்கை கோமதிக்குக் கல்யாணமாகி முப்பது வருடம். முப்பது வருடமும் ஆவுடையப்பன்தான் கொண்டு போனார். மனைவி போனபின் பொங்கலுக்கும் அங்கேயே தங்கிவிடுவார்.

"பார்சல் ஆபீஸ்ல விசாரிச்சு வச்சிருக்கேன்," என்றார்.

"கரும்பைக்கூடவா?"

"கரும்பையும் ஏத்துவாங்களாம்."

"கோமதி என்ன சொல்லுதா?"

ஆவுடையப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். "நேத்துப் போன் பண்ணினா. 'பார்சல்ல வந்தா கையெழுத்துப் போட்டு வாங்கமாட்டேன். கடையில கிடைக்காத அரிசியா, வெல்லமா? எனக்கு நீங்க வரணும்'னா. திருப்பித்தான் அனுப்புவா. பிடிவாதக்காரி. அப்படி ஒரு தடவை திரும்பி வந்துச்சுன்னா அதோட அறுந்துபோச்சு. எனக்குன்னு இருக்கது அவ ஒருத்திதான்."

"தெரிஞ்சும் பார்சலா?"

"மாப்பிள்ளை முகத்துல முழிக்க முடியாது அம்மா."

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது கோமதியின் கணவர் சங்கரபாண்டியனை. ஊர்முனையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்.

"என்ன நடந்தது? பேப்பர்ல வர்ற மாதிரி சுருக்கமாச் சொல்லுங்க."

"போன பொங்கலன்னைக்கு மத்தியானம். இலை போட்டுப் பரிமாறியாச்சு. டிவியில அரசியல் விவாதம். அதைப் பத்தி எனக்கும் அவருக்கும் பேச்சு வந்து முத்திப்போச்சு. 'உங்களை மாதிரி படிச்சவங்கதான் நாட்டையே கெடுத்தது'ன்னாரு. நான் பாதி இலையில எந்திரிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு வருசமாப் பேச்சு இல்லை. குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்புல இருந்தும் விலகிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வீட்டுக்கு எப்படி வந்தீங்க?"

ஆவுடையப்பன் சாக்கை மறுபடி எடுத்தார்.

"பொங்கலன்னைக்கு அந்த ஊருக்கு மினி பஸ் ஓடாதே அண்ணாச்சி."

"பைக்ல வந்தேன்."

"யாரு பைக்?"

"மாப்பிள்ளை பைக்."

"ஓட்டினது?"

"அவருதான்."

ஆவுடையப்பனே தொடர்ந்தார்.

"நான் தெரு தாண்டி நடக்கேன். நல்ல வெயில். பின்னால வண்டிச் சத்தம். பக்கத்துல வந்து நிறுத்திட்டு நேரா ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. ஏறிக்கிட்டேன். பதினெட்டு கிலோமீட்டர். அவரும் பேசல, நானும் பேசல. வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுட்டு வண்டியைத் திருப்பிட்டாரு."

"அவரு சாப்பிட்டாரா?"

"இல்லை. நான் எந்திரிச்சதும் அவரும் எந்திரிச்சிருக்கணும். கையைக்கூட ஒழுங்காக் கழுவல. ஹேண்டில் பாருல ஒரு சோத்துப் பருக்கை ஒட்டியிருந்தது. பதினெட்டு கிலோமீட்டரும் அதைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்."

"இதை நீங்க சேதியில போடலையே."

"ஒரு தடவை வண்டியில கொண்டுவிட்டா, சொன்ன சொல்லு சொல்லாமப் போயிருமா?"

"போகாது."

அந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கிழங்கைத் தண்ணீரில் அலசினார். பாதித் தோல் அப்படியே இருந்தது. மறுபடி சாக்கில் கொட்டினார்.

"ஒண்ணு கேக்கேன்," என்றார் அம்மா. "நாட்டைக் கெடுத்தது படிச்சவங்கன்னு எதுக்குச் சொன்னாரு? அரசியல் பேச்சுல படிப்பு எங்க இருந்து வந்துச்சு?"

ஆவுடையப்பன் சாக்கைத் தேய்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"நான்தான் கொண்டுவந்தேன்," என்றார் ஆவுடையப்பன். "எட்டாங் கிளாஸோட நின்னவருக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்னு கேட்டேன். பக்கத்து இலையில அவரு மருமகன் இருந்தாரு. மகளுக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல்."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கு அவரு மேல கோபம்னுதான் அம்மா ஒரு வருசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"ம்."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போய் நிக்க?"

"முகம் எதுக்கு? கரும்புக்கட்டு இருக்குல்லா. எத்தனை கரும்பு?"

"பதினைஞ்சு."

"லோடு ஆட்டோவுல இருந்து அதை ஒரு ஆளா இறக்க முடியாது. வாசல்ல போய் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

"அவரு வெளியில வரலைன்னா?"

"நின்னுக்கிட்டு இருங்க. கை வலிக்கும். வேற ஒண்ணும் ஆகாது."

*

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் காலையில் ஆவுடையப்பன் வந்தார். கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. கோமதி கொடுத்தனுப்பிய பலகாரம் என்று சொல்லி அம்மாவின் பக்கத்தில் வைத்தார்.

"நின்னீங்களா?" என்றார் அம்மா.

"நின்னேன். ஆட்டோக்காரத் தம்பி, 'நான் ஒரு கை பிடிக்கேன் சார்'னு வந்தாரு. வேண்டாம்னேன். என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாரு."

அம்மா சிரித்தார். "எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம் இருக்கும். கோமதி வாசல் வரைக்கும் வந்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ளே போயிட்டா. மாப்பிள்ளை ஜன்னல் பக்கத்துல உக்காந்திருக்கது எனக்குத் தெரியுது. அவருக்கும் நான் நிக்கது தெரியும். கடைசியில உள்ளேயிருந்து சத்தம் வருது. 'கட்டை அவுத்தா ஒவ்வொண்ணா எடுக்கலாம்லா'ன்னு."

"சரியாத்தானே சொல்லியிருக்காரு. எனக்கு அது தோணலையே."

"எனக்கும் தோணல. என்ன சொல்லன்னு தெரியாம, 'எனக்கு அவுக்கத் தெரியல மாப்பிள்ளை'ன்னேன். வெளியில வந்தாரு. 'அதுக்கும் எட்டாங் கிளாஸ் படிச்சவன்தான் வரணுமாக்கும்'னாரு."

"அவுத்தாரா?"

"இல்லை. இன்னொரு முனையைப் பிடிச்சாரு."

ஆவுடையப்பன் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நடுவாசல்ல நிறுத்தி, 'அன்னைக்கு நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை'ன்னேன். 'எது? நீங்க சொன்னது நிறைய இருக்கே'ன்னாரு. 'படிப்பைப் பத்திச் சொன்னது'ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாரு. 'கரும்பை ஒழுங்காப் பிடிங்க, சரியுது'ன்னாரு."

"அப்புறம்?"

"மறுநாள் பொங்கல். மத்தியானம் இலை போட்டாச்சு. அதே டிவி, அதே விவாதம். கத்துறவங்களும் அதே ஆளுங்கதான்."

"சண்டை வந்துச்சா?"

"வராம இருக்குமா? போன வருசத்தைவிட இந்த வருசம் கூடுதல். கோமதி டிவியை அமத்திட்டா, நாங்க நிறுத்தல. 'நீங்க சொல்லுறது சுத்தப் பொய்'னு சொல்லிக்கிட்டே என் சோத்துல நெய்யை ஊத்துதாரு. போதும்னேன். 'பொய் சொல்லத் தெம்பு வேண்டாமா'ன்னு இன்னொரு கரண்டி ஊத்துதாரு. மருமகப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கல. இலைக்குப் பக்கத்திலேயே குனிஞ்சுட்டாரு."

"எந்திரிச்சீங்களா?"

"ரெண்டாவது தடவை பாயசம் வாங்கிட்டுத்தான்."

அம்மா தூக்குவாளியைத் திறந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வாளியை ஆவுடையப்பன் பக்கம் தள்ளினார். கிணற்றடியில் இரண்டு மைனாக்கள் நடந்துகொண்டிருந்தன. அவர் அன்றைய செய்தித்தாளை விரித்து, வாசிக்கலாமா என்பதுபோல அம்மாவைப் பார்த்தார். பிறகு அதை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"இவ்வளவும் கேட்டீங்க. யாரு ஓட்டினது, அவரு சாப்பிட்டாரா, எத்தனை கரும்புன்னு. எதைப் பத்திச் சண்டைன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே. அவரு எந்தக் கட்சி, நான் எந்தக் கட்சின்னுகூட உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாத்தானே யாரு பக்கம் நியாயம்னு சொல்ல முடியும்?"

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். வெளிச்சக் கூச்சத்தில் கண் சுருங்கியது.

"எனக்கும் ஓட்டு இருக்கு அண்ணாச்சி. கேட்டிருந்தா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரோட நானும் சண்டைக்கு நின்னிருப்பேன்."