உப்பளக் கரையில் மாவலி

தூத்துக்குடியில் ஊர் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் ஒரு ஓட்டு வீடு. அதில் ஒரு துறவி இருந்தார். பெயர் யாருக்கும் தெரியாது. உப்பளத்துச் சாமி என்பார்கள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஆறுமுக நயினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்தவர். அதனால் சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார்.

டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இதில் யார் காலில் யார் விழுவது என்று கடைக்காரர் கேட்பார். நயினாருக்குக் கோபம் வரும். சாமி டீயை ஆற்றிக் குடிப்பார்.

அந்த ஊரில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மழை சற்று ஓய்ந்ததும் கடல்காற்று ஈரமாக அடிக்கும். அதற்கே மப்ளர் சுற்றிக்கொள்வார்கள். ஆனால் வெயிலுக்குப் பயந்து வருஷம் முழுக்க வீட்டுக்குள் கிடந்த ஊர் அப்போதுதான் தெருவுக்கு வரும். திருக்கார்த்திகைக்குச் சொக்கப்பனை, அது முடிந்தால் மார்கழி பஜனை, கடலோரத் தெருக்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பிறகு பொங்கல் என்று தை வரைக்கும் ஒன்று மாற்றி ஒன்று இருக்கும்.

நயினாருக்கு அந்த நாட்கள் பிடிக்காமல் போயிருந்தன. மனைவி சண்முகவடிவு இறந்து வருஷத் திதியும் கழிந்துவிட்டது.

கார்த்திகைக்குச் சில நாள் இருக்கும்போது அவர் ஒரு துணிப்பொட்டலத்தோடு வந்தார். அதைச் சாமியின் முன்னால் வைத்துப் பிரித்தார். புதுக் காவி வேட்டி.

"சாமி, கார்த்திகை அன்னைக்கு எனக்கு இதைக் கட்டி விட்ருங்க. வீட்டை மகள் பேருக்கு எழுதிரலாம்னு இருக்கேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

நயினார் உட்கார்ந்தார். பழைய கதையை முதலிலிருந்து சொன்னார்.

வாலிபத்தில் மாவலி சுற்றுவதில் அவரை மிஞ்ச அந்தப் பகுதியில் ஆள் இல்லை. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் பொதிந்து, பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, நுனியில் தீக்கங்கு வைத்துக் கயிற்றில் சுழற்றுவது மாவலி. சுழற்றச் சுழற்றப் பொறி பறக்கும். பிள்ளையார் கோயில் வாசலில் சொக்கப்பனை எரியும்போது நயினார் கயிற்றைக் கையில் எடுத்தால் கூட்டம் விலகி வழிவிடும்.

கல்யாணமான வருஷமும் அங்கேதான் சுற்றினார். மறு வருஷம் வடிவு, கோயில் வாசல் வேண்டாம், அளத்துக் கரைக்கு வாருங்கள் என்றாள். அளம் மழைக்காலத்தில் வேலையில்லாமல் கிடக்கும் இடம். ஈ காக்கை இருக்காது. போனார்கள். அவர் ஒரு கரையில் நின்று சுற்றினார். அவள் எதிர்க்கரையில் நின்று பார்த்தாள். அடுத்த வருஷமும் அப்படியே. அவள் இருந்தவரை அப்படியே.

ஏன் என்று கேட்டால், அங்கே வேண்டாம், இங்கே போதும் என்பாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்ல வராது.

கூட வேலை பார்த்தவர்கள் விடவில்லை. பொண்டாட்டி உன்னை நாலு பேர் நடுவில் காட்டக் கூச்சப்படுகிறாள் என்றார்கள். நயினாருக்கு அம்மை போட்ட முகம். கறுத்த ஆள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். வடிவு ஜவுளிக்கடைக்காரர் மகள். பத்தாவது தேறியவள். அன்றைக்கு அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"கடைசி வரைக்கும் கூட்டத்துல என்னை நிறுத்த அவளுக்கு மனசு வரல, சாமி. கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா ஆளும் இல்ல. அவ என்கிட்ட சந்தோஷமா இருந்தாளா, என்னமோன்னு இருந்தாளா? அது ஒண்ணைச் சொல்லுங்க. சந்தோஷமா இருந்தாள்னா நான் வீட்டுக்குப் போறேன். இல்லன்னா அந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு? காவியைக் குடுங்க."

சாமி காவி வேட்டியை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மாவலி கட்டிக் குடுங்க. நான் சுத்தினதே இல்ல."

"நான் கேட்டதுக்கு நீங்க..."

"கார்த்திகைக்குள்ள கட்டிருங்க."

நயினார் முனகிக்கொண்டே போனார்.

வேலையில் இறங்கிய பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அவர் ஒரு மாவலியும் கட்டியதில்லை. சின்ன வயதில் அம்மா கட்டிக் கொடுத்தாள். பிறகு வடிவு கட்டினாள். அவர் சுற்றியதோடு சரி.

ஆண்பனையின் காய்ந்த பூவைக் கொண்டுவந்தார். கொல்லையில் குழி வெட்டினார். பூவைப் போட்டுக் கொளுத்தி, நன்றாகக் கனன்றதும் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. சாக்கின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினார். இருட்டும் வரை இதே வேலை. மறுநாள் குழியில் சாம்பல்தான் இருந்தது.

அதை ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு போய்ச் சாமியிடம் காட்டினார். சாமி மெல்ல ஊதினார். சிரட்டை காலியாகிவிட்டது.

"திறந்து திறந்து பார்த்தீங்களோ?"

"கரியாச்சா இல்லையான்னு பார்க்கணும்ல, சாமி."

"பூ இன்னும் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார் சாமி.

இரண்டாம் முறை குழியில் தீ வைத்தபோது நயினாருக்கு வடிவு செய்வது நினைவுக்கு வந்தது. அவள் சாக்கைப் போட்டு, அதன்மேல் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, உள்ளே போய்க் கொழுக்கட்டை வைத்து அவிக்கப் பனையோலை நறுக்க உட்கார்ந்துவிடுவாள். தீயை வைத்துவிட்டு இப்படியா உட்கார்ந்திருப்பாய் என்று அவர் திட்டியிருக்கிறார். அவள் ஓலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்போது அவரும் மண்ணைத் தள்ளி மிதித்தார். வீட்டில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று கடற்கரைப் பக்கம் நடந்தார். மாதா கோயில் தெருவில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியைப் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. பொழுது சாயும் வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மண்ணை விலக்கிச் சாக்கை எடுத்தார். பூ கொஞ்சமும் குலையாமல் கிடந்தது. ஒவ்வொரு செதிலும், ஒவ்வொரு காம்பும் இருந்த இடத்தில் இருந்தன. நிறம் மட்டும் கறுத்திருந்தது. அதை எடுத்து உரலில் போட அவருக்குச் சற்றுத் தயக்கமாகக்கூட இருந்தது.

இடித்தார். உப்பு சேர்த்தார். சலித்துச் சலித்து மாவாக்கினார். பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்தார். தையல் கோணலாக இருந்தது. பிரித்து மறுபடி தைத்தார். மட்டைச் சிம்புகளை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி முடித்தபோது கார்த்திகை வந்துவிட்டது.

அன்று மாலை ஊரெல்லாம் அகல் ஏற்றினார்கள். பௌர்ணமி என்றாலும் நிலா மேகத்துக்குள் இருந்தது. காற்று இல்லை. கோயில் மேளம் தூரத்தில் கேட்டது. இருவரும் அளத்துக்கு நடந்தார்கள். மழைத்தண்ணீர் பாத்தி பாத்தியாக நின்றது.

"நீங்க எந்தக் கரையில நிப்பீங்க, அண்ணாச்சி?"

"இதே கரைதான்."

"அவங்க?"

நயினார் எதிரே கை காட்டினார். தண்ணீருக்கு அந்தப் பக்கம், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேடு.

"அப்ப நீங்க அங்க போங்க. நான் இங்க நின்னு சுத்துறேன்."

நயினாருக்குப் பயம் வந்தது. கயிற்றை எவ்வளவு விட வேண்டும், எப்போது வேகம் கூட்ட வேண்டும், பொறி கண்ணில் விழாமல் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாமி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தலையாட்டினார். தலையாட்டிய விதத்திலேயே ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தது. தீக்கங்கை வைத்துக் கொடுத்துவிட்டு, நயினார் திரும்பிப் பார்த்துக்கொண்டே கரையைச் சுற்றிப் போனார்.

சாமியின் முதல் வீச்சு தரையில் இடித்தது. அடுத்தது கயிறு காலில் சுற்றிக்கொண்டது. எதிர்க்கரையில் நயினார் தலையில் கை வைத்துக்கொண்டார். மெதுவாக, மெதுவாக என்று அங்கிருந்தே சொன்னார். துறைமுகத்தில் புதிதாக வந்தவனுக்குக் கிரேன் பழக்கியதுகூட இதைவிடச் சுலபம் என்று முணுமுணுத்தார்.

பிறகு கயிறு பிடிபட்டது. கங்கு ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. கரி பற்றிக்கொண்டது.

நயினார் தலையிலிருந்து கையை எடுத்தார்.

இருட்டில் ஒரு தீச்சக்கரம் நின்றது. அதன் விளிம்பிலிருந்து பொன்பொறிகள் எல்லாப் பக்கமும் விசிறிக் கீழே இறங்கின. கீழே தண்ணீருக்குள் அதே அளவில் இன்னொரு சக்கரம் நின்றது. அதன் பொறிகள் மேல்நோக்கி ஏறி வந்தன. இறங்கி வந்த ஒவ்வொரு பொறிக்கும் எதிரே ஒரு பொறி ஏறி வந்தது. தண்ணீரின் மேல்தோலில் இரண்டும் தொட்டு, சத்தமில்லாமல் ஒன்றாகி அணைந்தன. அணைந்த இடத்தில் அடுத்த ஜோடி வந்து தொட்டது.

கரை தெரியவில்லை. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றான். அவன் கால்கள் எதன் மேலும் ஊன்றியிருக்கவில்லை. அவனுக்கு முகம் இல்லை. கறுப்பு சிவப்பு இல்லை, வயது இல்லை. உலகம் தொடங்கிய நாளிலிருந்து அவன் அங்கேதான் நின்று சுற்றிக்கொண்டிருக்கிறான் போலிருந்தது. பக்கத்துப் பாத்திகள் அந்த வெளிச்சத்தை வாங்கி அடுத்த பாத்திகளுக்குக் கொடுத்தன. அவை அடுத்தவற்றுக்குக் கொடுத்தன. கடல் வரைக்கும் அது போனது.

கோயில் வாசல் வெறும் மண்தரை, அங்கே தண்ணீர் கிடையாது என்பது நயினாருக்கு நினைவு வந்தது.

அவர் கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. வடிவு நின்ற மேட்டில் உட்கார்ந்தார். பிறகு உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்று தோன்றி மறுபடி எழுந்து நின்றார்.

கரி தீர்ந்தது. சக்கரம் ஒரு பக்கம் அறுந்தது. கொஞ்ச நேரம் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் ஆடியது. பிறகு அதுவும் இல்லை. தண்ணீர் மறுபடி வெறும் தண்ணீராகக் கிடந்தது.

சாமி கரையைச் சுற்றி இருமிக்கொண்டே வந்தார். வேட்டியில் அங்கங்கே ஓட்டை. முன்னங்கையில் ஒரு கொப்புளம். கண்கள் சிவந்து நீர் வடிந்தது.

நயினார் அவரைப் பார்த்தார். காவியைப் பற்றி அவர் கேட்கவில்லை. சாமியும் கேட்கவில்லை.

"வீட்ல இன்னும் விளக்கேத்தல, சாமி. போகணும்" என்றார் நயினார்.

சொன்னாரே தவிர நகரவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சாமி, நீங்க நடுவுலயே நின்னீங்களே. உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

சாமி துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புகைதான் அண்ணாச்சி. கண்ணையே திறக்க முடியல."