சோத்தாங்கைக்கு அனுமதி இல்லை

கோணப்பாளையத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. எல்லாம் வயிற்றெரிச்சல். கோணப்பாளையத்தில் யாரும் யார் சொல்லையும் தட்டுவதில்லை, அவ்வளவுதான் விஷயம். "கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் போன இடத்திலேயே செத்துப்போக, அவனுக்காகப் பேரன் காலம் வரைக்கும் அதே இடத்தில் இருந்து பார்த்த குடும்பம் அந்த ஊரில் உண்டு.

அந்த ஊர்ச் செங்கோடனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. தரகர்கள் செருப்புத் தேய்ந்து வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் கடல் தாண்டி, சங்குத்தீவு என்ற குட்டி நாட்டில் கோமளவல்லி என்று ஒரு பெண் அமைந்தாள். அவளைச் செங்கோடன் செல்போனில்தான் பார்த்திருந்தான். பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரித்தால் இவன் காது சூடாகும். போன் பழசு, அது வேறு சங்கதி.

நேரம் பார்த்துக் கொரோனா வந்து கல்யாணத்தைத் தள்ளிப் போட்டது. பிறகு ஒருநாள், ஊசி போட்ட சுற்றுலாக்காரர்களை உள்ளே விடலாம் என்று சங்குத்தீவு கதவைத் திறந்தது. பெண்ணைப் பெற்றவர் ரத்தினசபாபதி, அங்கே மளிகைக்கடை வைத்திருப்பவர், உடனே போன் போட்டார்.

"மாப்ளே, சுற்றுலான்னு கிளம்பி வந்துருங்க. ரெண்டு ஊசியும் போட்டிருக்கணும். ஊசி போடாதது ஒண்ணும் இந்த நாட்டுக்குள்ள நுழைய முடியாது. மாஸ்க்கை எதுக்கும் கழட்டாதீங்க. ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நில்லுங்க. இன்னொண்ணு, இந்த முகூர்த்தமும் தப்பினா என்னால தாங்க முடியாது. என் தங்கச்சி மகன் கிரிதரன் பட்டு வேட்டியை இஸ்திரி போட்டு வெச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறான். முறை மாப்பிள்ளை வேற."

செங்கோடன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு விதி பிசகினாலும் கோமளா கிரிதரனுக்குப் போய்விடுவாள். அதனால் எள்ளளவும் பிசகாமல் நடப்பது என்று முடிவு செய்தான். துணைக்கு மூன்று பேர் கிளம்பினார்கள். தாய்மாமன் நாச்சிமுத்து, ஊரிலேயே பெரிய மூளை என்று பேர் வாங்கியவர். பெரியப்பா சென்னியப்பன், எதையும் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டார். அப்புறம் அருக்காணி அத்தை.

ஆறடிக்குச் சரியாகக் கரும்புகளை வெட்டி, ஆளுக்கு நடுவில் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூர் விமான நிலையத்துக்குள் நுழைந்தார்கள். காவலர் கரும்பைத் தடுத்தார். வீணாக்க மனசு வராமல், மாஸ்க்கைக் கழட்டாமல் அதன் ஓரத்துச் சந்து வழியாகவே அத்தனை கரும்பையும் கடித்துத் தின்றார்கள்.

"இப்ப ஆறடிக்கு என்னுங்க மாமா பண்றது?" என்றான் செங்கோடன்.

நாச்சிமுத்து மாமா தாடையைத் தடவினார். "ஆறடி எங்க போச்சு? நம்ம வவுத்துக்குள்ளதான் இருக்குது. இனி ஒட்டி நின்னாலும் தப்பில்லை."

நால்வரும் ஒட்டிக்கொண்டே விமானம் ஏறினார்கள்.

விமானம் பாதிக் கடல் தாண்டியபோது பெரியப்பாவுக்கு ஒரு கேள்வி வந்தது.

"ஏனப்பா, ஊசி நமக்கு எங்க போட்டாங்க?"

"ஆரம்ப சுகாதார நிலையத்துல."

"அதில்லடா. எந்தக் கையில?"

எல்லோரும் யோசித்தார்கள். ஊசி போட்ட நர்சம்மா நல்ல மனசுக்காரி. "எந்தக் கையில சாப்பிடுவீங்க? அது நோகக் கூடாது, மத்ததைக் காட்டுங்க" என்று சொல்லி இரண்டு தடவையும் பீச்சாங்கையில்தான் போட்டாள். சோறு தின்கிற சோத்தாங்கையைத் தொடவே இல்லை.

"அப்படீன்னா பீச்சாங்கைக்குத்தான் அனுமதி" என்றார் பெரியப்பா. "மத்த உடம்பெல்லாம்?"

செங்கோடனுக்கு உயிரே போய்விட்டது. ஒரு கையை மட்டும் உள்ளே அனுப்பி எப்படிக் கல்யாணம் செய்வது?

அருக்காணி அத்தைதான் காப்பாற்றினாள். "அட, ஊசி போட்ட அன்னிக்கு உடம்பு பூராவும் காய்ச்சல் அடிச்சுதல்ல? மருந்து பரவாமயா காய்ச்சல் வரும்? காய்ச்சல் கண்ட இடத்துக்கெல்லாம் அனுமதி உண்டு."

"காலுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"கொதிச்சுதே!"

"சோத்தாங்கைக்கு?"

அத்தை தன் சோத்தாங்கையைத் தொட்டுப் பார்த்தாள். அன்று முழுக்க சோத்தாங்கையால் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. நான்கு பேருக்கும் அதே கதைதான்.

"ஆகமொத்தம் சோத்தாங்கைக்கு ஊசி ஏறலை" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். "மறைக்கறது நம்ம பரம்பரைக்கே ஆகாது. அதிகாரிகிட்ட உண்மையைச் சொல்லிப்போடலாம்."

சங்குத்தீவில் இறங்கியதும் ஒரு தமிழ் அதிகாரிதான் வாய்த்தார். இவர்களுக்குப் பின்னால் வரிசை அனுமார் வாலாக நீண்டிருந்தது. சான்றிதழைப் பார்த்தார், முத்திரை குத்தினார், போங்கள் என்றார். மாமா நகரவில்லை.

"சோத்தாங்கைக்கு ஊசி போடலீங்க."

"என்னது?"

"மத்ததெல்லாம் ஊசி போட்ட உடம்புங்க. இந்தக் கை மட்டும் போடாததுங்க. சட்டப்படி என்னங்க பண்ணோணும்?"

அதிகாரி விளக்கினார். மாமா காய்ச்சல் கதையைச் சொன்னார். அதிகாரி மறுபடி விளக்கினார். பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்: "சரி சாமி! அந்தக் கையை மட்டும் ரெண்டு வாரம் தனிமையில வைங்க! ஆளை விடுங்க!"

"அப்படிச் சொல்லுங்க" என்று நால்வரும் கும்பிடப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அத்தை எப்போதும் நான்கைந்து மஞ்சப்பை வைத்திருப்பாள். ஆளுக்கொரு பையில் சோத்தாங்கையை விட்டு முழங்கையில் இறுக்கிக் கட்டினார்கள். உள்ளே போன கைக்குப் போரடிக்குமே என்று ஒரு முறுக்கும் போட்டார்கள். மாமா அவ்வப்போது பையைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இல்லை என்று அறிவித்தார்.

பெண் வீட்டில் ரத்தினசபாபதி ஓடிவந்து கையை நீட்டினார். செங்கோடன் பீச்சாங்கையை நீட்டினான். பந்தியில் இலை போட்டார்கள். நால்வரும் மாஸ்க்குச் சந்து வழியாகப் பீச்சாங்கையால் பாயசம் குடித்தார்கள். பந்தியே எழுந்து போய்விட்டது. கிரிதரன் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தான்.

மறுநாள் முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டியது. செங்கோடன் பீச்சாங்கையில் தாலியைப் பிடித்தபடி நின்றான். பக்கத்தில் கோமளா. போனில் பார்த்ததைவிட அழகாக இருந்தாள். ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முயன்றான். கயிறு நழுவியது.

"கையை வெளிய எடுங்க மாப்ளே!" என்று ரத்தினசபாபதி கெஞ்சினார்.

"சர்க்கார் உத்தரவுங்க மாமா. எடுத்தா என்னைத் திருப்பி அனுப்பிருவாங்க. அப்புறம் கோமளாவை நான் எங்க பார்ப்பேன்?" செங்கோடனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்ற பீச்சாங்கையைச் சேர்த்துக்க" என்று நாச்சிமுத்து மாமா எழுந்தார். ஆனால் அத்தை தடுத்தாள். "நீங்களும் கட்டினா பாதிப் பொண்ணு உங்க சம்சாரம் ஆயிருமே! ஊர்ல இருக்கற உங்க வீட்டம்மா கேட்டா என்ன சொல்லுவீங்க?" நியாயமான கேள்வி. மூவரும் அதை ஆராய ஆரம்பித்தார்கள்.

"நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் ஐயர். கிரிதரன் எழுந்து, "எனக்கு ரெண்டு கையும் சும்மாதான் இருக்கு" என்றான்.

கோமளா நிமிர்ந்து கிரிதரனைப் பார்த்தாள். செங்கோடனின் மஞ்சப்பையைப் பார்த்தாள். பைக்குள் முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது. தனக்காக ஒரு கையையே சிறை வைத்திருக்கிறான் பாவி மனுஷன் என்று நினைத்தாளோ என்னவோ, அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என் கை இந்த நாட்டிலேயே பொறந்த கைதானே? அதுக்கு யார் அனுமதி வேணும்?" என்று தன் சோத்தாங்கையைக் கழுத்துக்குப் பின்னால் நீட்டினாள். அவன் ஒரு நுனியைப் பிடிக்க, அவள் மறு நுனியை இழுக்க, மூன்று முடிச்சும் விழுந்தது. கிரிதரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போனான்.

சில நாளில் பொண்ணையும் கூட்டிக்கொண்டு கோணப்பாளையம் திரும்பினார்கள். ஊர் எல்லையில் சுகாதார ஆய்வாளர் நின்றுகொண்டு, "வெளிநாடு போயிட்டு வந்தவங்க வீட்டை விட்டு வெளிய வரக் கூடாது" என்றார்.

மாமா அங்கேயே யோசித்துச் சொல்லிவிட்டார். சோத்தாங்கை தீவில் இறங்கிய நாளிலிருந்து பைக்குள்ளேயே கிடந்தது. தீவைப் பார்க்கவில்லை, பெண் வீட்டைப் பார்க்கவில்லை. அது வெளிநாடே போகவில்லை.

அதனால் செங்கோடன் வீட்டுக்குள் அடைந்துகொண்டு, பையை அவிழ்த்து, சோத்தாங்கையை மட்டும் ஜன்னல் வழியாகத் தெருவுக்கு அனுப்பினான். ஊரே திரண்டு வந்தது. வெற்றிலை பாக்கை அதன் உள்ளங்கையில் வைத்து, "பொண்ணு எப்படிடா? கல்யாணம் அமோகமா நடந்துச்சா?" என்று கேட்டார்கள். கை ஒன்றும் சொல்லவில்லை. பாவம், அது கல்யாணத்துக்கே போகவில்லையே.

உள்ளே அருக்காணி அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! அப்ப இந்தக் கை இன்னும் கன்னி கழியலையா? பீச்சாங்கைக்குக் கல்யாணம் ஆயிப்போச்சு, மூத்தது இப்படி நிக்குதே! இதுக்கு எங்க போய்ப் பொண்ணு தேடறது?"

செங்கோடன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். இந்தப் பேச்சு கோமளா காதில் விழுந்தால் என்ன நினைப்பாள்? விழுந்துவிட்டது. அவள் அடுப்படியிலிருந்து வந்து, தன் பீச்சாங்கையை நீட்டினாள்.

"எதுக்கு வெளிய தேடறீங்க அத்தை? என்கிட்ட இது ஒண்ணு கல்யாணமாகாம சும்மாதான் இருக்கு."

பெரியப்பா, அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் பெண்ணெடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாக எடுக்கலாம், ஒரே இடத்தில் ரெண்டு சம்பந்தம் குடும்பத்துக்கு நல்லது என்றார் மாமா. அடுத்த முகூர்த்தத்திலேயே எட்டூருக்கும் சொல்லிவிட்டுத் தடபுடலாகக் கல்யாணம் நடந்தது. செங்கோடனின் பீச்சாங்கைதான் மாப்பிள்ளைத் தோழன். அதற்கு ஏற்கனவே கல்யாணம் பண்ணி அனுபவம் இருந்ததல்லவா?