புகை வரும் இடத்தில் கட்டிய துணி

முன்னொரு காலத்தில், ராஜாவும் இருந்து பேட்டரி வண்டியும் இருந்த ஒரு காலத்தில் (அது எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், எனக்கே தெரியாது), கோமாறன் என்று ஒரு ராஜா இருந்தார். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். சாயங்காலம் ராணி தேமொழியாளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வண்டியில் ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இருந்த பழக்கம்.

அது நின்றுபோய் ஆறு மாதமாகிவிட்டது. ராணிக்கு இருமல். பேசினால் இருமல், சிரித்தால் இருமல். பாவம், அந்த அம்மாள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாடியிலேயே கிடந்தாள். புகைதான் காரணம் என்று வைத்தியர் சொன்னார். ராஜா அன்றைக்கே ஊரிலிருந்த டீசல் வண்டிகளை எல்லாம் நிறுத்திவிட்டார்.

அந்த இடத்துக்கு மதிவாணர் என்ற மந்திரி பேட்டரி வண்டிகளைக் கொண்டுவந்தார். கலியநம்பி என்ற மந்திரி ஹைட்ரஜன் வண்டிகளைக் கொண்டுவந்தார். எதிலும் புகை இல்லை. ஹைட்ரஜன் வண்டி பின்னால் நாலு சொட்டுத் தண்ணீர் மட்டும் விட்டது. ஆனால் ராணியின் இருமல் நிற்கவில்லை.

"கலியநம்பியின் வண்டிதான் காரணம், அரசே!" என்றார் மதிவாணர்.

"பொய்! மதிவாணரின் வண்டிதான் காரணம், அரசே!" என்றார் கலியநம்பி.

கேட்டுக் கேட்டு ராஜாவுக்குக் காது புளித்துப்போனது. தோளில் கிடந்த வெள்ளை அங்கவஸ்திரத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "வண்டியின் புகை எங்கே வெளிவருகிறதோ அங்கே இதைக் கட்டுங்கள். ஒரு நாள் பேட்டரி வண்டி மட்டும் ஓடட்டும், மறுநாள் ஹைட்ரஜன் வண்டி மட்டும் ஓடட்டும். எந்தத் துணி வெளுப்பாக வருகிறதோ, அந்த வண்டியே இனி இந்நாட்டின் வண்டி!"

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜா தோளிலிருந்து எடுத்துக் கொடுத்த துணி, காரியம் முடிந்ததும் அவர் தோளுக்கே திரும்பியாக வேண்டும். சபை பார்க்க அவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

மந்திரிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புகையே விடாத வண்டிகளில் கட்டினால் இரண்டு துணியும் வெள்ளையாகத்தானே வரும்? யார் தீர்ப்புச் சொன்னாலும் மாட்டிக்கொள்வான்! சபையில் அவர்கள் இருவருக்கும் பிடிக்காத ஆள் ஒருவன் இருந்தான். விகடகவி கொம்பையா. ராஜாவைச் சிரிக்கவைக்கத் தெரிந்தவன் என்பதுதான் அவன் செய்த குற்றம்.

"கொம்பையாவே கட்டி வந்து தீர்ப்புச் சொல்லட்டும், அரசே. தவறினால் சபையை விட்டு வெளியேறட்டும்" என்றார்கள். ஆறு மாதமாக அடித்துக்கொண்டவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒரே குரல் வந்தது.

கொம்பையா துணிகளை வாங்கிக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போனான். வண்டிகளின் பின்னால் குனிந்து பார்த்தான். புகை இல்லை. சுவரைப் பார்த்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பி வெளியே போனது. பக்கத்துக் கொட்டகையில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் இயந்திரம். அதிலிருந்தும் ஒரு கம்பி போனது. கம்பி போன வழியே அவனும் நடந்தான். மலையைத் தாண்டி நடந்தான். அந்தப் பக்கம் கரிமேடு என்ற ஊர். ஊர் நடுவே கரியை எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு உலை, அதன் தலையில் பெரிய புகைபோக்கி. கம்பிகள் அங்கேதான் போய் முடிந்தன.

பேட்டரி வண்டி ஓடிய நாளில் ஒரு துணியும், ஹைட்ரஜன் வண்டி ஓடிய மறுநாள் மற்றதுமாக, ஏணியில் ஏறிப் புகைபோக்கியின் பக்கத்தில் கட்டினான். கீழே பேராச்சி என்ற பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"ஏய்யா, ஒமக்குக் கிறுக்கா? அங்க போயி வெள்ளத் துணியக் கட்டுதீரு! நாங்க துணி காயப்போட்டு ரெண்டு வருசமாச்சி" என்று சொல்லி இருமினாள்.

கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அரண்மனை மாடியில் கேட்ட அதே இருமல்.

"எங்க மகாராணிக்கும் இதே இருமல்தாம்மா" என்றான்.

"ஆத்தாடி, ராணியம்மாவுக்குமா? கசாயம் வச்சிக் குடுக்க அவுகளுக்கு ஆளு இருக்கா?" பேராச்சி வேலியோரம் நின்ற ஆடாதோடை இலைகளைப் பறித்தாள். படிந்திருந்த கரியைக் கழுவித் துடைத்து, முந்தானையில் கிழித்த துணியில் முடிந்து கொடுத்தாள். "நல்லாச் சுண்டக் காச்சச் சொல்லுங்கய்யா. கசக்கும். தேன் விட்டுக்கிடச் சொல்லுங்க."

தன் இருமலை மறந்துவிட்டு அவள் காட்டிய அக்கறையில் கொம்பையாவின் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் சபை கூடியது. ராணியும் இறங்கி வந்து ராஜாவின் அருகில் அமர்ந்திருந்தாள். கொம்பையா துணிகளை நீட்டினான். பேட்டரி நாளில் கட்டியது கறுப்பு, ஹைட்ரஜன் நாளில் கட்டியது அட்டைக் கறுப்பு.

"ராஜத் துரோகம்!" என்று மந்திரிகள் குதித்தார்கள்.

"அரசே, புகை வெளிவரும் இடத்தில் கட்டச் சொன்னீர்கள். வண்டிக்குப் பின்னால் தேடினேன், கிடைக்கவில்லை. மலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே கட்டினேன். வழக்கப்படி தோளில் ஏற்றருள வேண்டும்."

வழக்கத்தை மீற முடியுமா? ராஜா இரண்டையும் தோளில் போட்டார். கரித்தூள் பறந்தது. ராணி இருமினாள், இருமினாள், நிறுத்தவே முடியவில்லை. ராஜா துணியைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். "மலைக்காற்றில் இத்தனை நாளும் இதுதான் வந்ததா?" என்றார்.

கொம்பையா இலை முடிச்சை ராணியிடம் கொடுத்து, கரிமேட்டின் இருமலையும் பேராச்சி சொன்னதையும் சொன்னான்.

ராணி இலையை முகத்தோடு வைத்துக்கொண்டாள். "அந்த ஊரே இருமுகிறது, எனக்கு மட்டும் ஆறு மாதமாக வைத்தியரா? அந்த அம்மாளை நான் பார்க்க வேண்டும்" என்று அழுதாள்.

"எந்த வண்டி என்று சொல், கொம்பையா" என்றார் ராஜா.

"ஏரிக்கரை சுற்றப் பேட்டரி வண்டி, அரசே. அதே சுற்றுக்கு ஹைட்ரஜன் வண்டி மூன்று மடங்கு கரி கேட்டது. ஆனால் உப்பு மூட்டையோடு கணவாய் ஏறி நெடுந்தூரம் போகும் லாரிக்கு அது உதவலாம். முதலில் உலை அணையட்டும். கணவாயில் காற்று சும்மாதானே வீசுகிறது?"

ராஜா உத்தரவு போட்டார். கணவாயில் காற்றாலைகளை இரு மந்திரிகளும் சேர்ந்து கட்ட வேண்டும். உலை அணையும்வரை கரிமேட்டில்தான் குடியிருக்க வேண்டும். அங்கே நாலு நாள் இருமியதும் வேலை எப்படிப் பறந்தது என்கிறீர்கள்!

ஒரு வருஷம் கழித்து, ராஜா இன்னொரு வெள்ளைத் துணி கொடுத்தார். கொம்பையா அதே புகைபோக்கியில் ஒரு நாள் முழுக்கக் கட்டிவைத்து எடுத்துவந்தான். துணி வெள்ளைவெளேர். நடுவில் மட்டும் ஒரு காக்கை எச்சம்.

"உலை சூடு ஆறிவிட்டது அரசே, காக்கை உட்கார ஆரம்பித்துவிட்டது. தோளில் ஏற்றருள வேண்டும்" என்றான் கொம்பையா.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எச்சத்தோடு தோளில் போட்டார். பிறகு தன் முத்துமாலையைக் கழற்றிக் கொம்பையாவின் கழுத்தில் போட்டார்.

பக்கத்தில் ராணியும், விருந்தாளியாக வந்திருந்த பேராச்சியும் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. சிரிப்பு முடிந்தது. இருமல் வரவில்லை.

"வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், ஏரிக்கரைக்குப் போகலாம்" என்றாள் ராணி.