டிவைடருக்கு இரண்டு முள் வந்த கதை

அந்தக் காலத்தில் மாடும் பேசும், மரமும் பேசும். தச்சுப் பட்டறைச் சாமான்களோ வாயே மூடாது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பூரணம் என்ற தச்சுவேலைக்காரியிடம் கவட்டைக் காலோடு இரண்டு கருவிகள் இருந்தன. அண்ணன் வட்டன், தம்பி கவையன். இருவருக்கும் ஒரே சாடை: ஒரு கால் இரும்பு முள், மறு கால் கரித்துண்டு. முள்ளை ஊன்றிக் கரிக்காலைச் சுழற்றினால் வட்டம் விழும். வட்டன் வேலைக்கு மட்டும்தான் வரைவான். கவையனுக்கு வரைவதுதான் உயிர். பலகை கிடைத்தால் பூ, சுவர் கிடைத்தால் நிலா.

ஒருநாள் காலையிலேயே மேற்கே மலை கறுத்துவிட்டது. சாயங்காலம் ஆற்றில் வெள்ளம் நிச்சயம். பூரணத்தின் நாத்தனார் மங்கை நிறைமாதக்காரி. மருத்துவச்சி இருப்பதோ அக்கரையில். ஊரில் இருந்த ஒரே வண்டி சக்கரம் உடைந்து கிடந்தது.

சக்கர விளிம்புக்கு ஆறு துண்டு மரம். ஆறும் ஒரே அளவாக இருந்தால்தான் பூட்டும். வட்டன் வட்டம் போட்டு முடித்தான்.

"டேய் கவையா, அண்ணன் கால் அகட்டின அதே அகலம் அகட்டிக்கிட்டுக் கோட்டு மேலேயே நட. ஆறாவது எட்டுல கிளம்பின இடத்துக்கே வந்துடணும்" என்றாள் பூரணம்.

கவையன் நடந்தான். ஆறாவது எட்டு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"கள்ளு கிள்ளு குடிச்சியாடா?" என்றான் வட்டன்.

மறுபடி நடந்தான். இந்தத் தடவை இரண்டு விரற்கடை குறைந்தது.

"மதினி, இவன் நடந்து முடிக்கிறதுக்குள்ள என் பிள்ளை நடந்துடும் போலிருக்கே!" என்று மங்கை சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்தாள்.

கவையன் தன் காலைப் பார்த்தான். ஊன்ற ஊன்றக் கரி தேய்ந்து, கால் குட்டையாகிக்கொண்டே வந்திருந்தது.

"அக்கா, இந்தக் காலுக்கும் முள்ளு போட்டுடுங்க."

"போட்டா திரும்பக் கழற்ற முடியாதுடா. அப்புறம் உனக்கு வரையவே வராதே!"

"அவனை விட்டுட்டு என் காலுக்கு முள்ளு போடு அக்கா" என்றான் வட்டன்.

"நீ முள்ளாயிட்டா அடுத்த சக்கரத்துக்கு வட்டம் யாரு போடுவா? பேசாம இரு அண்ணா."

கவையன் சுவரில் இருந்த நிலாவை ஒருமுறை பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மங்கையையும் பார்த்தான். "அடிங்க அக்கா."

பூரணம் கரியைத் தட்டி எடுத்துவிட்டு முள்ளை இறுக்கினாள். சுரீர் என்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கவையன் எட்டு வைத்தான். ஆறாவது எட்டில் முள், கிளம்பின குழிக்குள்ளேயே போய் இறங்கியது!

மதியத்துக்குள் சக்கரம் பூட்டியாயிற்று. தண்ணீர் அச்சைத் தொடும்போது மங்கையை ஏற்றிய வண்டி ஆற்றைத் தாண்டியது. விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கரையிலிருந்து கூவினார்கள்: "பெண் குழந்தை! தாயும் பிள்ளையும் சுகம்!"

"வருத்தமாடா?" என்று வட்டன் மெதுவாகக் கேட்டான்.

"கொஞ்சம். ஆனா அந்த ஆறாவது எட்டு விழுந்துச்சு பாரு, அது ஒரு சுகம் அண்ணா!"

அன்று முதல்தான், பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு ஒரு முள்ளும், பக்கத்தில் படுத்திருக்கும் டிவைடருக்கு இரண்டு முள்ளுமாக இருக்கிறது. அது ஒரு கோடுகூட இழுக்காது. எடுத்த அளவை மட்டும் வழியில் தொலைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.